கொக்கியும் வட்டமுமாக வந்த மெயில்

ஐப்பசி 8, வெள்ளி

என் வீட்டுக்காரர் இறந்துபோய் மூன்று மாதம். ஓசூரில் அவரோடு வேலை பார்த்தவர்கள் மெயிலில் கடிதம் அனுப்பியிருந்தார்கள். போனில் திறந்தால் எல்லாம் கொக்கியும் வட்டமுமாக இருந்தது. கடைசியாக அவர் ஏதாவது சொன்னாரோ என்று மனசு அடித்துக்கொண்டது. ஓசூர்க்காரர்கள் கன்னடத்தில் எழுதியிருப்பார்கள் என்று பக்கத்து வீட்டு கௌரம்மாவிடம் காட்டினேன்.

"இது எங்க கன்னடமும் இல்லீங்கக்கா, உங்க தமிழும் இல்ல" என்று சிரித்தாள்.

இன்று பாலக்கோடு பிரௌசிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண், "எழுத்து ஒன்னும் கெடலீங்கக்கா. இது தமிழ்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லாம அனுப்பிட்டாங்க" என்றாள். யூடிஎஃப் 8 என்று எதையோ மாற்றினாள். கடிதம் முழுக்கத் தமிழாகிவிட்டது. அவளே படித்தாள்.

"அண்ணி, உங்க கொள்ளுத் துவையல அண்ணன் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டாருங்க. டப்பாவ வழிச்சுத் தின்னுட்டுத்தான் கை கழுவுவாரு."

வீட்டில் இருபது வருஷமாக, "உப்பு கூடிப்போச்சு" என்பதைத் தவிர அந்த மனுஷன் வேறொன்றும் சொன்னதில்லை. பஸ்ஸில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அவர் போனபிறகு இன்றுதான் கொள்ளு வறுத்துத் துவையல் அரைத்தேன். களியோடு வயிறாரத் தின்றேன்.

உப்பு கொஞ்சம் கூடத்தான்.