நாலாவது பெயர்

நூம்பல்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கிஷோருக்கு உன் நைனா துலுக்கானம் தன் கையாலேயே எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் மருமகளும் பேத்தி காவ்யாவும் அந்த ஊர்க் குளிரில் நன்றாக இருக்க வேண்டும். யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை, முதியோர் வகுப்பில் கற்ற எழுத்து, மூன்று நாளாக எழுதுகிறேன். பூந்தமல்லிக்கு இப்போது பஸ் போர்டை நானே படித்து ஏறுகிறேன், அந்தச் சந்தோஷத்தை எழுதினால் தாள் போதாது.

ஆனால் நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. உங்கள் ஊர் பேஸ்பால் அணிக்கு நூறு வருடம், மைதானத்துச் சுவரில் அதன் வரலாற்றை எழுதுவது உன் வேலை. எழுபது வருடத்துக்கு முன் இரண்டு கறுப்பின வாலிபர்களை அணித் தேர்வுக்குக் கூப்பிட்டு, காலை முழுக்க ஆடவைத்து, நன்றாக ஆடியும் நிறத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள், அதை எழுதாதே என்கிறார் மேலதிகாரி, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கணும், என்ன செய்ய நைனா என்று கேட்டாய். அம்மா போனைப் பிடுங்கி, "உனுக்கு இன்னாத்துக்குடா ஊர் வம்பு, சொன்னத எழுதிட்டு வேலயப் பாரு" என்றாள். நானும் போனைத் திருப்பி வாங்கவில்லை.

மறுநாள் ஆயுத பூஜை, கூட வேலை செய்த உத்தமனோடு அம்பத்தூரில் எங்கள் பழைய கம்பெனிக்குப் போனேன். கம்பெனி அணி கிரிக்கெட் கோப்பை வென்றபோது பெயர்கள் எழுதி மாட்டிய பலகை இன்னும் இருக்கிறது. கடைசி ஆட்டத்தில் ஆறு விக்கெட் நான் எடுத்தது. தண்ணீர் குடிக்க மற்றவர்களுக்கு டம்ளர், என் சாதிக்குக் கையில் ஊற்றினார்கள், ஆனாலும் பலகையில் நாலாவது பெயர் உன்னுடையது என்று கேப்டன் மணவாளன் சொன்னதை, படிக்கத் தெரியாத நான் நம்பினேன். இப்போது எழுத்துக்கூட்டிப் படித்தால் அது சரவணக்குமார், அன்று ஆட்டத்துக்கே வராதவன். மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தேன், நான் இல்லை. உத்தமன், "இன்னா தொலுக்கு, இப்பத்தான் தெரிதா உனுக்கு" என்று சிரித்தான், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது உன்னை அங்கே கூட்டிப்போய் அந்தப் பெயரில் விரல் வைத்துப் படி என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, துலுக்கானம் என்று சத்தமாகப் படித்தாய். நான் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். ஒன்பது வயதில் அதை எப்படியப்பா உள்ளே வைத்துக்கொண்டாய். உன் மேல் கோபம் இல்லை.

வேலை போனால் விசாவும் போகும் என்று எனக்கும் பயம்தான். இருந்தாலும் அந்த இரண்டு பெயரையும் எழுது கிஷோர். ஒருவர் தொண்ணூறு வயதில் அதே ஊரில் இருக்கிறார், திறப்பு விழாவுக்கு வருவார் என்றாயே. அவருக்காக யாரும் மாற்றிப் படித்துக் காட்ட முடியாது. அவருக்குப் படிக்கத் தெரியும்.

தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வராது, உத்தமனை இதைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். காவ்யாவைக் குல்லா இல்லாமல் வெளியே விடாதே. கங்கையம்மன் உங்கள் மூன்று பேருக்கும் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மறக்காமல் போன் செய்.

உன் நைனா,
கா. துலுக்கானம்