பூட்டிய வீட்டின் முதலாம் சாட்சி

சிவமயம்

உரும்பிராய்
12.08.2023

அன்புள்ள அண்ணைக்கு,

வாட்ஸ்அப்பில் போட்டால் இரண்டு நீலக்கோடு விழுகிறது, பதில் மட்டும் விழுவதில்லை. அதனால் முத்திரை ஒட்டி அனுப்புகிறேன். கடிதத்தை நீங்கள் பார்க்காத மாதிரி இருக்க முடியாது, அண்ணி முதலில் உடைத்து வாசித்துவிடுவா.

நாங்கள் சுகம். தனுசிகா சோதினைக்குப் படிக்கிறாள். "மாமா வரேக்கை எனக்கு நல்ல பேனை ஒண்டு கொண்டுவரச் சொல்லுங்கோ" என்றாள். அவள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு நீங்கள் கனடாவிலிருந்து வந்து, தாய்மாமனாக நின்று பால் அறுகு வைத்ததை இன்னும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிகிறாளாம்.

எழுத வந்த விஷயம் வேறு. டெங்கு வேலைக்காக எங்கள் மூன்று பேருக்கும் கனடாவில் இருக்கிற உங்கள் ஊர் ஒன்றியம் தந்துவந்த சம்பளம் சித்திரையோடு நின்றுபோனது. சுகாதாரப் பரிசோதகர் றெஜி ஐயா கேட்டபோது, அந்தக் காசில் ஊர் முகப்பில் வரவேற்பு வளைவு கட்டப் போகிறோம் என்று உங்கள் செயலாளர் சொன்னாராம். நீங்கள்தானே தலைவர். உங்களைக் கேட்காமல் நடந்திருக்குமா?

வீடு வீடாகப் போய் வாளி கவிழ்த்து, கிணற்றுக்குள் மீன் விட்டு, ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் சுற்றியுள்ள வீடெல்லாம் விசாரித்தது நாங்கள். மார்கிரட் இப்போது சுன்னாகம் சந்தையில் வெங்காயம் நல்லது கெட்டது தெரிந்து போடுகிறாள். ஜெசிதா புடவைக்கடையில் நிற்கிறாள். வளைவு நுளம்பைப் பிடிக்குமோ அண்ணை?

இன்னொன்று. பூட்டிக் கிடக்கிற உங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியின் மூடி காற்றுக்கு விழுந்துவிட்டது. எங்கள் மாமரத்தில் ஏறினால் தெரிகிறது. மாடிப்படி வீட்டுக்குள்ளே இருப்பதால் திறப்பு இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. மாரி தொடங்க முன் யாரிடமாவது திறப்பைக் கொடுத்தனுப்புங்கள். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் தங்கச்சி
தயா


ஸ்காபரோ
20.09.2023

என் அன்புத் தங்கச்சி தயாவுக்கு,

உன் கடிதத்தை, நீ சொன்னபடியே, அண்ணிதான் முதலில் வாசித்தா. சிரித்தா.

கோவிக்காதே. நான் ஒருவன் மட்டும் ஒன்றியம் இல்லை. கூட்டத்தில் ஆட்கள் கேட்கிறார்கள்: "நுளம்பு வரேல்லை எண்டதை எப்பிடிப் படம் எடுத்துக் காட்டுறது?" காசு தருகிறவனுக்குக் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று வேண்டும். வளைவு என்றால் கருங்கல்லில் பெயர் இருக்கும், ஊருக்குள் வருகிற ஒவ்வொருவனும் பார்ப்பான். நோய் தடுப்பது அரசாங்கத்தின் வேலை. நாங்கள் கொடுத்துக்கொண்டே இருந்தால் அவர்கள் சும்மா இருந்துவிடுவார்கள்.

திறப்பைப் பற்றி. உன்னைச் சொல்லவில்லை, ஆனால் சொந்தக்காரரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டு வீட்டைத் திரும்ப வாங்க முடியாமல் வழக்கென்று கோட்டில் திரிகிற எத்தனை பேரை இங்கே தினமும் பார்க்கிறேன். அது எங்களுக்குள் வேண்டாம். அடுத்த ஆவணியில் வளைவு திறக்க வருவேன், அப்போது நானே தாங்கியைப் பார்க்கிறேன். போன கிழமை மதிலில் ஒருவன் ஏணி சாத்தியதை வீட்டுக் கமராவில் இங்கிருந்தே கண்டு, முன்வீட்டு மார்க்கண்டு அண்ணைக்குப் போன் அடித்துச் சொல்லித் துரத்திவிட்டேன். நீ அனுப்பிய ஆள் என்று பிறகுதான் தெரிந்தது. இனி அப்படிச் செய்யாதே, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

என் மருமகளுக்கு ஒரு பெட்டி பேனையே அனுப்புகிறேன்.

அன்பு அண்ணை
வாகீசன்


உரும்பிராய்
02.02.2024

அண்ணைக்கு,

தனுவின் அந்தியேட்டி முடிந்துவிட்டது. பேனைப் பெட்டி அதற்குப் பிறகு வந்தது. உடைக்கவில்லை.

நீங்கள் தொலைபேசியில் அழுததை இவர் சொன்னார். நான் கதைக்க மாட்டேன் என்றேன். செத்தவீட்டைக் கமராவிலும் பார்த்திருப்பீர்கள், எங்கள் கேற்றும் அதற்குள் விழுமே.

கார்த்திகை மழையோடு எங்கள் ஒழுங்கையில் காய்ச்சல் தொடங்கியது. முதலில் மார்க்கண்டு அண்ணையின் மருமகன் பார்த்தீபன். பிறகு பின்வளவில் இரண்டு பேர். முந்தைய மாதிரி என்றால், பார்த்தீபன் படுத்த அன்றே நாங்கள் ஒழுங்கை முழுக்கத் தேடியிருப்போம். இந்த முறை தேட ஆளில்லை. றெஜி ஐயா ஒருவர், பத்து ஊர். அவர் எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தபோது தனு பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். "அம்மா, மாமாவின்ரை பேனை வந்திட்டுதோ?" என்று கேட்டாள். அதுதான் அவள் என்னோடு கடைசியாகத் தெளிவாகக் கதைத்தது.

காய்ச்சல் வந்த வீடுகளுக்கு நடுவில் ஒரேயொரு பூட்டிய வீடு. உங்களுக்கு விளங்கும். றெஜி ஐயா நீதவானிடம் கட்டளை எடுத்தார். விதானையாரும் பொலிசும் நிற்கப் பூட்டை உடைத்தார்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் நானும் போனேன். செத்தவீட்டுத் துடக்குத் தீட்டோடு வெளிக்கிடக்கூடாது என்றார்கள், கேட்கவில்லை. மாடியில் ஏறித் தாங்கிக்குள் வெள்ளைக் கோப்பையை விட்டு நான்தான் அள்ளினேன். கோப்பை முழுக்க நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன.

உங்கள் பெயரில் வழக்கு வைத்தாயிற்று. முதலாம் சாட்சி நான். நானே கேட்டு வாங்கிய இடம் அது.

தயாளினி


ஸ்காபரோ
11.03.2024

தங்கச்சி,

உன் கடிதத்தை வாசித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தனு எனக்கும் பிள்ளைதான். நான் பால் அறுகு வைத்த பிள்ளை. அவளுக்கு நான் கெடுதல் நினைப்பேனா?

ஆனால் கொஞ்சம் யோசி. எந்த நுளம்பு எந்த வீட்டிலிருந்து வந்து கடித்தது என்று யாரால் சொல்ல முடியும்? கூடப் பிறந்தவனைக் கோட்டில் ஏற்றினால் தனு திரும்பி வருவாளா? ஆவணியில் வளைவு திறக்கிறோம், ஊரே கூடும். அதற்கு முன் றெஜியிடம் சொல்லி வழக்கை எடுத்துவிடு. கமிற்றியில் கதைத்துவிட்டேன், வளைவில் தனுவின் பெயரைத் தனிக் கல்லில் பொறிக்கச் சம்மதித்துவிட்டார்கள். பொன்னெழுத்தில்.

அம்மா அப்பா இருந்திருந்தால் எங்களுக்குள் இப்படி நடக்க விட்டிருப்பார்களா?

உன் அண்ணை
வாகீசன்


உரும்பிராய்
05.04.2024

வாகீசன் அவர்களுக்கு,

எந்த நுளம்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கத்தான் எங்கள் மூன்று பேருக்கும் சம்பளம் தந்தீர்கள். பிறகு அதை நிறுத்தினீர்கள். இப்போது யாரால் சொல்ல முடியும் என்று என்னைக் கேட்கிறீர்கள்.

வழக்கு அரசாங்கத்தினுடையது, நான் எடுக்க முடியாது. முடிந்தாலும் எடுக்க மாட்டேன். பகல் முழுக்க உங்களை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், அது பாசத்தில் இல்லை. நீங்கள் ஊருக்கு முன்னால் தலைகுனிந்து நிற்பதை ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த ஆசையில்தான் சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், இவருக்கும் ஒரு வாய் கொடுக்கிறேன்.

தனுவின் பெயரைக் கல்லில் பொறித்தால் நானே சுத்தியலோடு வந்து உடைப்பேன்.

ஆவணியில் கட்டாயம் வாருங்கள். மாலையோடு எல்லோரும் நிற்பார்கள். நானும் வருவேன்.

தயாளினி


ஸ்காபரோ
15.09.2024

தயா,

நீ எழுதியபடியே வந்தாய். கழுத்தில் மாலை, கையில் கத்தரிக்கோல், நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்கிறது. பொலிஸ்காரர் வந்து "ஆர் வாகீசன்?" என்று கேட்கிறார். நீ மட்டும் சனத்துக்குள்ளிருந்து கையை நீட்டி, "உவர்தான். என்ரை அண்ணை" என்றாய். அழைப்பாணையை மாலையோடு வாங்கினேன். நாதஸ்வரக்காரன்கூட நிறுத்திவிட்டான்.

கோட்டில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். குற்றம் ஒத்துக்கொண்டேன். அபராதம் கட்டியது ஒரு காசா? நீ சாட்சிக்காரர் மரவாங்கில் உட்கார்ந்து, கண் வெட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் தண்டனை. நீ ஆசைப்பட்டபடி எல்லோருக்கும் முன்னால் தலைகுனிந்து நின்றேன். இப்போதாவது மனம் ஆறியதா?

இங்கே கூட்டத்தில் சண்டை பிடித்து, உங்கள் மூன்று பேருக்கும் சம்பளத்தைத் திரும்பத் தொடங்க வைத்துவிட்டேன். இனி நிறுத்த முடியாதபடி எழுதி வாங்கியிருக்கிறேன், காசு றெஜியின் கந்தோருக்கு நேராகப் போகும். யாருடைய பெயரும் எங்கும் பொறிக்கப்படாது.

இதற்குள் வீட்டுத் திறப்பு இருக்கிறது. வீட்டை நீயே வைத்துக்கொள். எனக்கு வேண்டியது உன்னிடமிருந்து ஒரு வரி. என்ன வரியென்றாலும் சரி, உன் கையால் எழுதியதாக இருந்தால் போதும்.

அண்ணை


உரும்பிராய்
10.10.2024

வாகீசன் அவர்களுக்கு,

திறப்பு கிடைத்தது. போன மாரிக்கு முன் ஒரு தபாலில் வந்திருக்கக்கூடிய திறப்பு. உங்கள் வீடு எனக்கு வேண்டாம். அதைக் கேட்பேன் என்று பயந்துதானே பூட்டினீர்கள், அந்தப் பயத்தோடேயே இருங்கள். திறப்பைக் கந்தோர்ச் சுவரில் மாட்டிவிட்டேன். உங்களுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டு, இங்கே வீட்டைப் பூட்டிவிட்டு லண்டனிலும் பாரிசிலும் இருக்கிற மற்றவர்களும் ஆள்விட்டுத் திறப்புக் கொடுத்தனுப்புகிறார்கள். ஆணி அடிக்க இடம் போதாது என்று ஜெசிதா சொல்கிறாள். மார்கிரட்டும் வெங்காயத்தை விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

சம்பளத்தை எடுத்துக்கொள்கிறோம். உங்கள் மன்னிப்பை எடுக்கவில்லை. மனம் ஆறியதா என்று கேட்டீர்கள். நீங்கள் கூண்டில் நின்றபோது சரியாக எங்கள் அப்பாவைப் போல இருந்தீர்கள். அன்று கொஞ்சம் ஆறியது. வீட்டுக்கு வந்து தனுவின் மேசையைப் பார்த்ததும் திரும்ப எரிந்தது.

ஒரு வரி கேட்டீர்கள். தருகிறேன். நான் இருக்கும்வரை மாதாமாதம் உங்கள் வீட்டைத் திறந்து, மாடியில் ஏறிப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒரு வரி எழுதுவேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வராது. நீங்கள் பதில் எழுதினால் உடைக்க மாட்டேன், பேனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பேன்.

தயாளினி


பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கந்தோர்
27.12.2024

திரு. வாகீசன் அவர்களுக்கு,

ஆண்டுத் திவசத்துக்கு இலை போட முன், காலையில் தங்கள் வீடு திறந்து பார்க்கப்பட்டது, தண்ணீர்த் தாங்கி காய்ந்திருக்கிறது, குடம்பிகள் இல்லை.

தயாளினி
களப் பணியாளர்