மரக்காணம் தபாலாபீசில் ஒரு கார்டு

கெலவரப்பள்ளி
10-10-1956, புதன்கிழமை

அன்பு மகன் முனிவேலுக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. குலதெய்வத்தின் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை முனிலட்சுமியும் சுகம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, முனிலட்சுமி அதை விட்டு நகரமாட்டேன் என்கிறாள். மேட்டு நிலத்தில் கேழ்வரகு கதிர் வாங்கிவிட்டது. உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது, அவள்தான் உரக்கப் படித்தாள். ஆயுத பூஜையை ஒட்டி நாலைந்து நாள் லீவு, சிநேகிதர்கள் இரண்டு பேரோடு சைக்கிளில் பட்டணத்திலிருந்து கடலோரமாகவே கடலூர் வரைக்கும் போகப்போகிறோம், நீங்களும் கங்கப்பன் சித்தப்பாவும் போன வழியாமே, விவரமாக எழுதுங்கள் அப்பா என்று கேட்டிருக்கிறாய். சட்டைக்கு ஒரு பொத்தான் தைக்க வராது, நூறு மைலுக்கு மேல் மிதிக்கப் போகிறாயாம். அந்த வரியைக் கேட்டதும் உன் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நானும் இரண்டு நாள் பேனாவை எடுக்கவில்லை.

போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் நீ கேட்கிற பிள்ளையும் இல்லை. ஆனால் கடலூருக்கு முன்னால் ஒரே ஓர் இடத்தில், நம் தென்பெண்ணை கடலில் விழுகிற முகத்துவாரத்தில், நீ தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். இன்னொன்று, ஊரில் மழை உண்டா என்று நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய், நான் அதற்கு மட்டும் பதில் எழுதுவதே இல்லை என்று கோபித்துக்கொள்கிறாய். ஏன் எழுதுவதில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது, அவசரப்படாமல் படி.

நாங்கள் போனது முப்பத்தொன்றாம் வருஷம், இதே புரட்டாசிக் கடைசி. நீ அம்மா வயிற்றில் இருந்தாய். ஜோலார்பேட்டையில் சைக்கிள்களை ரயிலில் ஏற்றிப் பட்டணம் போய் அங்கிருந்து மிதித்தோம். திருவான்மியூர் தாண்டினால் ரோடு என்று பெயர்தான், சவுக்குத் தோப்புக்கு நடுவே வண்டித் தடம். காலையில் கடல் வற்றியிருக்கும்போது ஈர மணலில் இறங்கிவிடு, தார் ரோடு மாதிரி கெட்டியாக இருக்கும், சூரியன் தண்ணீரிலிருந்து எழும்பி உன் கூடவே வரும், அந்த மாதிரி ஒரு காலையை நான் பிறகு பார்க்கவில்லை. முதல் ராத்திரி மாமல்லபுரம், சத்திரத்தில் தங்கலாம். மறுநாள் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் இடிந்த கோட்டை, கல்லறைக் கல்லில் மண்டையோடு செதுக்கியிருக்கும், கங்கப்பன் அதன் வாயில் விரலை விட்டுச் சிரித்தான். அடுத்து பாலாறு. அது வெறும் மணல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தாண்டினோம், கணுக்கால் நனையவில்லை. ஆறு கடலில் சேருகிற இடமென்றால் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். மேட்டுக்காரர்களுக்குக் கடலோரத்தைப் பற்றி என்ன தெரியும். அப்புறம் ஆலம்பரைக் கோட்டை, அதற்கப்புறம் உப்பளம் வெள்ளையாய் மின்னுகிற மரக்காணம்.

மரக்காணம் தபாலாபீசுக்குத்தான் தாத்தாவைக் கார்டு போடச் சொல்லியிருந்தோம், போட்டிருந்தார். நான் வாசலில் நின்று கங்கப்பனுக்குப் படித்துக் காட்டினேன். இங்கே நல்ல மழை, மூன்று நாளாய் விடவில்லை, நிம்மதியாகச் சுற்றிவிட்டு வாருங்கள் என்று எழுதியிருந்தார். இரண்டு வருஷமாகக் காய்ந்து கிடந்த நிலம் அது. கங்கப்பன் அங்கேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கடையில் ஜிலேபி வாங்கித் தின்றோம். கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாண்டிச்சேரி வழியாகப் போனோம், வழியெல்லாம் இந்த வருஷம் என்ன விதைக்கலாம் என்றுதான் பேச்சு.

முகத்துவாரத்துக்கு மறுநாள் காலையில் வந்தோம். இந்தப் பயணத்துக்கே அதுதான் காரணம், நம் வயலை ஒட்டி ஓடுகிற தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். உள்ளே தள்ளி ரோட்டுப் பாலம் இருக்கிறது, சுற்றினால் சில மைல் கூடுதல். நேராகப் போனால் மணல்திட்டு, அதன் மேல் முழங்கால் தண்ணீர். தண்ணீர் சிவப்பாக இருந்தது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்து, செவப்புத் தண்ணி வருது, எறங்காதீங்க என்று கத்தினார். கங்கப்பன் சிரித்தான், அது எங்க ஊரு செம்மண்ணுங்க, எங்களுக்குத் தெரியாத தண்ணியா என்றான். ஒரு கை அள்ளிக் குடித்தான், அண்ணா, நம்மூரு தண்ணியேதாண்ணா, மண்ணு வாசன பாரு என்று என் பக்கம் கையை நீட்டினான். நானும் குடித்தேன். இரண்டு பேரும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினோம், நான் முன்னால். அக்கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது அவன் நடுவில் இருந்தான், இடுப்புக்கு மேல் தண்ணீர், காலுக்கடியில் திட்டு கரைந்துகொண்டிருந்தது. சைக்கிள விடுடா, விடுடா என்று கத்தினேன். அவனுக்குக் கேட்டதா என்று தெரியாது. தண்ணீருக்கு மேலே பின்சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே போனதைத்தான் கடைசியாகப் பார்த்தேன். மூன்றாம் நாள் சைக்கிளை மணலிலிருந்து தோண்டி எடுத்துக் கொடுத்தார்கள். அவன் கிடைக்கவில்லை.

சித்தப்பாவைக் கடல் கொண்டுபோயிற்று என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம். கடல் இல்லையப்பா. அவனைக் கொன்றது நம் வயலில் பெய்த மழை. இங்கே பெய்தது நாள்கணக்கில் ஓடி ஓடிக் கடலுக்கு வந்துதானே ஆக வேண்டும், அதைச் சொல்கிற கார்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது, எனக்குத் தோன்றவில்லை. மழை என்றால் நமக்குச் சந்தோஷம், அதற்கு மேல் புத்தி ஓடவில்லை. தாத்தா அதற்கப்புறம் சாகிற வரைக்கும் யாருக்கும் கார்டு எழுதவில்லை. அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் உன் அம்மாவுக்குக்கூட நேற்றுத்தான் சொன்னேன். ஊரெல்லாம் மழை வந்தது என்று முகம் மலரும்போது நான் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வதை நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய், பயிர் வைக்கிறவன் மழைக்குப் பயப்படுகிறேன், வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அந்தச் சைக்கிள் விட்டத்தில் தொங்குகிறதே, உனக்குத் தெரியும். அதன் கீழே வெள்ளை மணல் கிடக்கும், நம் ஊர் மண் சிவப்பு, இது கடல் மணல். எங்கிருந்துதான் வருதோ, கூட்டக் கூட்ட வருது என்று உன் அம்மா முணுமுணுப்பாள். ஓசூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிற சாந்த் பாஷா போன வருஷம் கைப்பிடிக் குழாய் முதற்கொண்டு கழற்றித் துடைத்துவிட்டு, உள்ள ஒரு பொட்டு மணலு இல்லீங்கண்ணா என்று சத்தியம் செய்தார். திரும்ப மாட்டிய வாரத்திலேயே விழுந்தது. சில நாளில் பின்சக்கரம் தானாக ஒரு சுற்றுச் சுற்றும். காத்துங்க என்பாள் உன் அம்மா. கதவு சாத்தியிருக்கும்போதும் சுற்றுகிறது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அது நிற்கவே இல்லை முனிவேலு, இதை எழுதும்போதும் தலைக்கு மேலே சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது, காகிதத்தில் விழுகிற மணலை ஊதிவிட்டுத்தான் எழுதுகிறேன். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் கட்டுகிற அணை இன்னும் முடியவில்லை, தண்ணீரைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை.

பூஜையன்று சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நறுக்கு, அன்று ஏறாதே, விஜயதசமி காலையில் கிளம்பு. செயினுக்குத் தினமும் எண்ணெய் போடு, உப்புக்காற்றில் துருவேறும். டியூப் ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள். கடலில் குளிக்காதே. மரக்காணம் தபாலாபீசில் உன் பெயருக்கு ஒரு கார்டு காத்திருக்கும், நாளைக் காலையில் இந்தக் கடிதத்தோடு ஓசூரில் நானே போடுகிறேன், இது உன் கைக்குத் தப்பினாலும் அது தப்பக் கூடாது. அதை வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதே. தாத்தா எனக்கு எழுதிய வரியேதான் இருக்கும். படித்துவிட்டு நீயும் சந்தோஷப்பட்டுவிடாதே, பாலத்தில் ஏறிப் போ. கடலூர் சேர்ந்ததும் தந்தி கொடு. சித்தப்பாவும் தாத்தாவும் உனக்குத் துணையிருக்கட்டும், தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா
திம்மப்பன்

நீ இத்தனை வருஷமாகக் கேட்டதற்குப் பதில்: இங்கே நல்ல மழை. மூன்று நாளாய் விடவில்லை.