ஏழாம் மிதவைத் தண்ணீர்

அனுப்புநர்:
கடல்நீர்ப் பகுப்பாய்வர்,
ஐசோடோப்புப் பிரிவு, கீழ்த்தளம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கடல் ஆய்வு நிலையம்.

பொருள்: ஏழாம் மிதவைக் கோப்பை முடித்ததை ஆட்சேபித்தும், அவசர அறிவுரை கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஏழாம் மிதவையருகே படகிலிருந்து தவறி விழுந்து காணாமல் போன மாதிரி சேகரிப்பாளர் என் உடன்பிறந்த தம்பி. பாட்டிலில் காற்று புகாமல் மூட வேண்டும் என்பது இங்கே முதல் நாள் பாடம். அவன் மூடினால் மட்டும் உள்ளே ஒரு குமிழி நிற்கும். அதனால் அவனுக்குக் குமிழி என்றே பெயர். தாங்களும் அப்படித்தான் கூப்பிடுவீர்கள்.

2. இப்போது எந்திரமே கடலுக்குள் இறங்கி நிரப்பி மூடுகிறது. மனிதக் கை படுவதில்லை. ஆயினும் ஏழாம் மிதவைப் பாட்டில்களில் மட்டும் குமிழி வந்தது.

3. அந்த நீரில் கனமான ஆக்சிஜன் குறைந்துகொண்டே வந்ததை "இயற்கை மாறுபாடு" என்று எழுதிக் கோப்பை முடித்துவிட்டீர்கள். இயற்கை மாறுபாடு எனக்கும் தெரியும், ஐயா. வெயிலில் லேசான ஆக்சிஜன் கொண்ட நீர் முதலில் ஆவியாகும், கடல் கனக்கும். மழையும் ஆறும் சேர்ந்தால் லேசாகும். ஆனால் ஆற்றுநீர் கலந்தால் உப்பும் குறைய வேண்டுமே. உப்பு துளியும் குறையவில்லை. குமிழிக்குள் ஆவியானதுதான் காரணம் என்றால் நீர் கனத்திருக்க வேண்டும். சந்தேகம் தீர, நாங்கள் குடித்து வளர்ந்த எங்கள் வீட்டுக் கிணற்று நீரைச் சோதித்தேன். ஆக்சிஜன் அளவில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று.

4. படகு ஓட்டுநரைக் கேட்டேன். "அங்க நிறுத்துனா படகு ஒரு பக்கமா சாயுதும்மா, யாரோ ஏறப் பிடிச்ச மாதிரி" என்றார். அவர் கதை கட்டுகிற ஆள் இல்லை. வாயைத் திறப்பதே அபூர்வம்.

5. போன வாரப் பாட்டிலில் குமிழி இல்லை. ஏழாம் மிதவை பழையபடி கடலாகிவிட்டது. தங்களுக்கு நிம்மதியாக இருக்கலாம். நான் பயத்தில் கண்ட தண்ணீரையெல்லாம் சோதித்தேன். துறைமுகக் குழாயில், உப்பே இல்லாமல், கடலுக்குரிய கன ஆக்சிஜன் அளவு வந்தது. பிறகு அது சரியாகி, எங்கள் தெருமுனைக் குழாயில் வந்தது. நேற்று எங்கள் கிணற்றில். பக்கத்து வீட்டுக் கிணற்றில் இல்லை.

6. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. இன்று காலை, நான் விளிம்புவரை நிரப்பி மூடிய குடிநீர் பாட்டிலில் ஒரு குமிழி நின்றது. அம்மா அதைப் பார்த்துவிட்டுப் போய் அவன் தட்டைக் கழுவி வைத்தார். எனக்கு என் தம்பி வேண்டும், ஐயா. வருவது அவன்தானா என்பதுதான் தெரியவில்லை.

ஆகவே, தாங்கள் நேரில் வந்து எங்கள் கிணற்றைப் பார்த்து, இதுவும் இயற்கை மாறுபாடுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் நம்பிக்கொள்கிறேன். இயலாதெனில், கதவு தட்டப்பட்டால் திறக்கலாமா என்பதற்காவது இன்று அலுவலகம் மூடுவதற்குள் எழுத்துமூலம் பதில் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அம்மா வாசல் தாழ்ப்பாளைக் காலையிலேயே கழற்றிவிட்டார்.

இடம்: கீழ்த்தள ஆய்வகம்
நாள்: வெள்ளிக்கிழமை, முற்பகல்

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
குமிழியின் அக்கா