சாமுவுக்கு எந்தப் படை

மே 5, திங்கள்

இல்லை, எனக்கும் தெரியாது. எம்.ஏ. படித்தவள் என்பதால் தெரிந்திருக்க வேண்டுமாம். ஆர்மியா, நேவியா, ஏர்ஃபோர்ஸா. பிளஸ் டூ முடித்ததிலிருந்து தம்பி சாமு இதையே கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் வேறு பரீட்சை. வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றைச் சொல்லி வகுப்பில் சேரச் சொல்லியிருக்கிறார் கோச்சிங் சென்டர்க்காரர்.

அனல் காற்று. டெல்லி துவாரகா முழுக்கப் புழுதி.

இப்போதைய திட்டப்படி எதில் சேர்ந்தாலும் நான்கு வருடம். பிறகு நான்கில் ஒருவனை வைத்துக்கொள்வார்கள். மற்ற மூவர்? எங்கள் அடுக்குமாடி கேட்டில் விசில் ஊதும் வாட்ச்மேன் போட்டிருப்பதும் சீருடைதான்.

அவன் சொல்லும் காரணங்கள்:
ஏர்ஃபோர்ஸ்: சட்டையின் நீலம் பிடிக்கும்.
நேவி: சாப்பாடு நன்றாக இருக்குமாம் (எதிர் பிளாட் அங்கிள்).
ஆர்மி: "அது எப்பவும் இருக்கும்ல, அக்கா."

அம்மா எல்லாவற்றையும் வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நர்ஸ் உடுப்பை மாற்றும் முன்பே:

"நேவிக்குப் போடட்டும். கடல்ல யாரு சுடப் போறா?"

"அம்மா ஓகே சொல்லிட்டா, அக்கா!" சாமு என் முதுகில் ஓர் அடி.

ஆர்மி என்றால் மட்டும் அடுக்களைக்குள் போய்விடுகிறாள். போன வருடம் அவள் வார்டுக்குக் கால் இழந்து வந்த ஒரு சிப்பாய். பையன்தான். அவன் பெயர் இன்னும் எங்கள் வீட்டு ஜெபத்தில் வருகிறது.

மே 7, புதன்

ஐ.என்.ஏ. மார்க்கெட். புளி, நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், நேந்திரம் சிப்ஸ். சிப்ஸ் சாமுவுக்கு. கடைக்காரர் தமிழில் கேட்க, இவன் இந்தியில் பதில்.

திரும்பும்போது மெட்ரோ ஸ்டேஷன் சுவரில் வரைபடம். பிங்க் லைன் மேல் விரலை ஓட்டினான்.

"இந்த கிரே லைன் இவ்ளோ நீளமா? நம்ம துவாரகால குட்டியாதான இருக்கு."

"இது கிரேயா?"

"பின்ன?"

விளையாட்டு என்றே நினைத்தேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. போனில், கண் டாக்டர்கள் நிறம் தெரிகிறதா என்று பார்க்கும் புள்ளி வட்டங்களைக் காட்டினேன், நடுவில் எண் ஒளிந்திருப்பவை. முதலாவதைச் சொன்னான். அடுத்து: "இதுல எதுவும் இல்லையே." அடுத்து: "இல்ல." அடுத்து: "போர் அடிக்குது, அக்கா." சிப்ஸைப் பிரித்தான்.

எல்லாவற்றிலும் எண் இருந்தது.

மே 8, வியாழன்

விதிகளைத் தேடிப் படித்தேன். நேவி, ஏர்ஃபோர்ஸ்: நிறம் பார்ப்பதில் கண்டிப்பு. அவனால் முடியாது. ஆர்மியில் சில வேலைகளுக்குச் சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு பிரித்துத் தெரிந்தால் போதும். அந்த அளவுக்கு அவனுக்குத் தெரியும்.

ஆக, மிச்சம் ஒன்று.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னேன். கை நிற்கவில்லை.

"தெரியும்."

"எப்பருந்து?"

"சின்ன கிளாஸ்ல யானைக்கு ரோஸ் அடிச்சிட்டு சாம்பல்னு சொன்னாம்லா, அன்னைக்கே. எங்க அண்ணனுக்கும் அப்படித்தாம்ட்டி. ரயில்வேல எடுக்கலல்லா."

"அப்ப நேவின்னு சொன்னது?"

"போடட்டும். படிக்கட்டும். அவங்களே வேண்டாம்னு அனுப்பிருவாங்க. நான் தடுத்தா எம்மேல கோவம். அவங்க சொன்னா யாரு மேல கோவப்படுவான்?"

"அதுக்குப் பொறவு என்ன செய்வான்?"

"உசுரோட இருப்பான்." தண்டுகளைப் பேப்பரில் சுருட்டிக் கொடுத்தாள். "நீ வாயத் தொறக்காத."

சொல்லாவிட்டால்: ஓடுவான், படிப்பான், தோற்பான், இங்கேயே இருப்பான். எம்.ஏ. படித்தும் வீட்டில் இருக்கும் என்னைப் போல. சொன்னால்: போவான். மூன்றாவதாக ஒன்றை மதியம் முழுக்கத் தேடினேன். கதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு வரியை வெறுமையாக விட்டு அடுத்த நாளுக்குப் போய்விடுவார்கள்.

மே 9, வெள்ளி

வெயிலுக்கு முன் ஓடிவிட்டு வந்தான். பனியன் முதுகோடு ஒட்டி.

"அக்கா, நேவின்னு சொல்லிடட்டா? ஃபைனல்?"

அம்மா குளியலறையில். தண்ணீர் விழும் சத்தம்.

சொன்னேன். கண்ணைப் பற்றி, விதிகளைப் பற்றி. வட்டங்களை மறுபடி காட்டச் சொன்னான். இம்முறை வெகுநேரம் பார்த்தான். எண் எங்கே என்று விரலால் வரைந்து காட்டச் சொன்னான். வரைந்தேன். அப்போதும் தெரியவில்லை.

"சத்தியமா இதுல இருக்கா?"

"இருக்கு."

அழுவான் என்று நினைத்தேன். மூச்சு விட்டான்.

"அச்சா. அப்ப ஆர்மிதான். இனி யோசிக்க ஒண்ணும் இல்ல."

பல நாளாக இல்லாத தெளிவு முகத்தில். சட்டையை மாற்றினான். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கிப் போனான்.

அம்மா தலையில் துண்டோடு வந்தாள்.

"சாமு எங்க?"

"கோச்சிங் சென்டருக்கு. சேர."

"எதுக்கு?"

"ஆர்மிக்கு."

என்னைப் பார்த்தாள். டூட்டிக்குக் கிளம்பினாள். மேஜையில் நான் கட்டி வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவை எடுக்கவில்லை.

டப்பாவைத் திறந்து சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்தேன்.