பயிற்சிப் பொம்மையின் பூட்டைத் திறந்துவிடக் கோரி

அனுப்புநர்
பிரிஜெட் நோயல்,
லிங்கராஜபுரம்,
பெங்களூரு.

பெறுநர்
செவிலியர் கல்விக் கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
பெங்களூரு.

பொருள்: செவிலியர் கல்லூரியில் பூட்டி வைத்திருக்கும் நெஞ்சழுத்தப் பயிற்சிப் பொம்மையை மாணவிகள் கையில் கொடுக்க உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தமிழ் படிப்பீர்கள் என்று தங்கள் அலுவலக வாசலில் காவலுக்கு இருக்கும் எல்லம்மா சொன்னதால் தமிழிலேயே எழுதுகிறேன். கன்னடம் நன்றாகவே பேசுவேன். இந்த விஷயத்தை அதில் எழுத எனக்குக் கை வரவில்லை.

1. என் மகள் லவினா, ஆனேக்கல் பக்கமுள்ள ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்ஸி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மூச்சு நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிரை மீட்கும் சி.பி.ஆர். பயிற்சியை அங்கே மொபைல் கேமில் கற்றுக்கொடுக்கிறார்கள். திரையில் ஒருவர் விழுந்து கிடப்பார். தாளம் தவறாமல் கட்டைவிரலால் தட்டினால் எழுந்து உட்கார்ந்து நன்றி சொல்வார். இதில் கல்லூரியிலேயே முதலிடம் என் மகளுக்குத்தான். பஸ்ஸில் போகும்போதும் தட்டிக்கொண்டே போவாள். நாங்களும் பெருமைப்பட்டோம், பொய் சொல்வானேன்.

2. கடந்த ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, ஷூவைக் கழற்றக் குனிந்த என் கணவர் நோயல் அப்படியே சாய்ந்துவிட்டார். லவினா பதறவில்லை. தோளைத் தட்டிக் கூப்பிட்டாள், மூச்சைப் பார்த்தாள், என்னை 108-க்குப் போன் செய்யச் சொன்னாள், அவரைத் தரையில் நேராகக் கிடத்தினாள். இந்த வரிசையைச் சொல்லிக்கொடுத்தது அந்த கேம்தான். அதை நான் மறைக்க மாட்டேன். பிறகு இரண்டு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் அவர் விலாவில் டக்கென்று ஒரு சத்தம். நானே கேட்டேன். "ஐயோ, அப்பாவ ஒடச்சிட்டேம்மா" என்று கையை எடுத்துவிட்டாள். மறுபடி வைடி என்று கத்தினேன். வைத்தாள். ஆனால் பயந்து பயந்து, தூங்குகிறவரை எழுப்புவதுபோல. ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியேதான் அழுத்தினாள். அவர் போய்விட்டார்.

3. பெரியவர்களின் நெஞ்சை வேண்டிய அளவுக்கு அழுத்தும்போது விலா எலும்பு முறிவது சகஜம், அதற்காக நிறுத்தக் கூடாது என்று மருத்துவமனை டாக்டர் சொன்னார். நிறுத்தாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். லவினா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

4. சி.பி.ஆர். பழகுவதற்கென்றே அந்தக் கல்லூரியில் ஆள் உயரப் பொம்மை ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆசிரியை டோரீனிடம் விசாரித்தேன். "ஆன்ட்டி, அது இன்ஸ்பெக்‌ஷனுக்கு வெச்சிருக்கிறது. ஸ்டூடன்ட்ஸ் தொட்டா கெட்டுப்போயிடும்னு சார் சாவிய அவர்கிட்டயே வெச்சிருக்கார்" என்றார். சரியான ஆழத்துக்கு அழுத்தினால் அந்தப் பொம்மையும் டக்கென்று சத்தம் போடுமாம். இதையும் அவரேதான் சொன்னார். என் வயிறு எரிகிறது, ஐயா. ஒரே ஒரு நாள் அதன்மேல் கை வைத்து அழுத்தியிருந்தால், சத்தம் கேட்டால் கையை எடுக்கக் கூடாது என்று அவள் பழகியிருப்பாளே! நன்றி சொல்லத் தெரிந்த கேமுக்கு எலும்பு முறியத் தெரியவில்லை.

5. சாவியை வைத்திருக்கும் நிர்வாகியிடம் போனால், மேலிடத்து உத்தரவு இல்லாமல் அலமாரியைத் திறக்க முடியாது என்கிறார். தங்கள் அலுவலகத்துக்கு வந்தால், கல்லூரி எழுதிக் கேட்கட்டும் என்கிறார்கள். அங்கே ஏற்கெனவே நான் கொடுத்த மனுவுக்குக் கிடைத்த பதில்: செயலி நல்ல முறையில் இயங்குகிறது, தங்கள் மகளே முதலிடத்தில் உள்ளார், ஆகவே குறை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. இது போதாதென்று, உயிர் காக்கும் கைகள் என்று போட்டு, அவள் படத்தைக் கல்லூரி வாசலில் பேனராகக் கட்டியிருக்கிறார்கள். இறக்குங்கள் என்று கேட்டும் இறக்கவில்லை. தினமும் அதற்குக் கீழேதான் அவள் உள்ளே நுழைகிறாள்.

6. கேமை விட்டுவிடவும் வழியில்லை. ஆடாவிட்டால் இன்டர்னல் மார்க் கிடையாது. ஆகவே சாயங்காலமானால் உட்கார்ந்து தட்டுகிறாள், அந்த ஆளும் எழுந்து நன்றி சொல்கிறான். ஆனால் மனிதர்களைத் தொடப் பயப்படுகிறாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் கை வைக்கவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்ததும் வார்டில் டியூட்டி. அதற்குள் படிப்பையே விட்டுவிடுகிறேன் என்கிறாள். அவரும் போய், இவளும் இப்படி ஆனால் நான் யாரிடம் போவேன்?

7. கேமை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. யாரையும் தண்டிக்கவும் சொல்லவில்லை. அந்த அலமாரியைத் திறக்கச் சொல்லி ஒரு வரி உத்தரவு போடுங்கள். என் மகளும் அவளோடு படிக்கும் பிள்ளைகளும் அந்தப் பொம்மையைக் கை வலிக்க அழுத்திப் பழகட்டும். வார்டுக்குப் போகும் முன் அது நடக்க வேண்டும்.

சென்ற வாரம், என்ன செய்வதென்றே தெரியாமல், நானே தரையில் படுத்துக்கொண்டு, என் நெஞ்சை அழுத்திப் பழகிக்கொள் என்று அவளிடம் சொன்னேன். "உயிரோட இருக்கிறவங்களுக்குப் பண்ணக் கூடாதும்மா" என்று அழுதுகொண்டே எழுந்து போய்விட்டாள். அதற்குமேல் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை, ஐயா. தாங்கள்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.

இடம்: பெங்களூரு
நாள்: 18.11.2024

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பிரிஜெட் நோயல்