கால்நடை டாக்டர் வாசலில் நிறுத்திய வண்டி

மே 7, ஞாயிறு

மகள் எல்சிக்குப் பந்து விளையாட்டு, நெட்பால், சொல்லித்தரும் நோலீனின் மகளுக்குப் பிறந்தநாள். எல்சியை வாசலில் இறக்கிவிட்டு, வழக்கம்போல வண்டியிலேயே இருக்கத்தான் நினைத்தேன். அவள் இறங்கவில்லை.

"நீ உள்ள வரமாட்டல்லப்பா? அப்ப நானும் இங்கயே இருக்கேன்."

பரிசைக் கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பிவிட்டோம். ஒன்பது வயதுதான். என்னைப் பார்த்தே கற்றுக்கொண்டுவிட்டாள். 

மே 8

என் மனைவி ப்ரோனிடம் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. "உன் பயத்தோட நான் குடும்பம் நடத்திட்டேன் டார்சி. எம் பொண்ணு நடத்த வேணாம். டாக்டரைப் பாரு."

மே 16, செவ்வாய்

பார்த்தாயிற்று. மனுஷங்களைக் கண்டால் வருகிற இந்தப் பயத்துக்கு ஒரு பேர் இருக்கிறதாம், வைத்தியமும் இருக்கிறதாம். நகரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மர்கிட் என்று ஒரு மனநல ஆலோசகர் வருகிறாள், போய்ப் பார் என்று எழுதிக் கொடுத்தார். எவ்வளவு சீக்கிரம் எழுதுகிறார்! என்னைத் தள்ளிவிட்டால் போதும் போல.

மே 22

இந்த ஊரில் முகத்தை மறைக்கலாம், வண்டியை மறைக்க முடியாது. என் பிக்கப் வண்டி வெள்ளை. இடது கதவு மட்டும் பச்சை. மர்கிட் உட்காரும் இடத்தில் அதை நிறுத்தினால் மாலைக்குள் மளிகைக்கடை வரை போய்விடும். பக்கத்துக் கட்டடம் கால்நடை டாக்டர். அங்கே நிறுத்துவேன். நாய் டிங்கரை வீட்டில் விட்டுவிட வேண்டும். எப்போதும் வண்டியின் பின்தட்டில் நின்று வருபவன், ஊரையே குரைத்துக் கூப்பிடுவான். என் மூளைக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மே 23, செவ்வாய்

படுக்க வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி, அவ்வளவுதான். எந்த நாற்காலி வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் மர்கிட். கதவுப் பக்கம் இருந்ததை எடுத்தேன். அதையும் கவனித்திருப்பாள்.

"இங்க பேசறது இந்த அறையைத் தாண்டாது. உங்களுக்கோ வேற யாருக்கோ உயிராபத்துன்னா மட்டும்தான் நான் வெளிய சொல்ல வேண்டியிருக்கும்."

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

எப்போதிலிருந்து, உடம்பில் என்ன ஆகிறது, எங்கெல்லாம் போவதில்லை, தூக்கம், குடி. சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்றும், உப்பு போதுமா என்பதுபோல, சாதாரணமாகக் கேட்டாள். இல்லை என்றேன். உண்மைதான். "எல்லாத்தையும் இன்னிக்கே சொல்லணும்னு இல்ல" என்றாள். நடுவில் ஏதோ எழுதினாள். என்ன எழுதுறீங்க என்று கேட்டேவிட்டேன். தாளைத் திருப்பிக் காட்டினாள்: 'டிங்கர்'. நாயின் பெயர் எதற்கு அவளுக்கு?

கிளம்பும்போது, ஒவ்வொரு இடத்திலும் எதற்குப் பயந்தேன், கடைசியில் என்ன நடந்தது, இரண்டையும் பார்த்துவைக்கச் சொன்னாள். அடுத்தது ஜூன் ஆறு.

மே 25

பெட்ரோல் போடும்போது ஒருத்தன் தோளைத் தட்டி, "மனசத் தேத்திக்கய்யா" என்றான். தேற்றிக்கொள்ள எனக்கு என்ன?

மே 27, சனி

மர்கிட் சொல்லிவிட்டாள்! வேறு யார்? நெட்பால் மைதானத்தில் எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நோலீன் தூரத்திலிருந்தே நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள். இந்த வாரம் விளையாடும் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு நறுக்கிக் கொண்டுபோகும் முறை எங்களுடையது. டப்பாவை பெஞ்சில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். அறையைத் தாண்டாதாம். நாலு நாளில் ஊர் எல்லையையே தாண்டிவிட்டது.

ஜூன் ஆறாம் தேதிச் சந்திப்பை ரத்து செய்யச் சொன்னேன். "நீயே போன் பண்ணு" என்கிறாள் ப்ரோன். போன் பண்ண முடிந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்?

மே 28

வாசலில் ஒரு கண்ணாடிப் பாத்திரம். டூனா மீன் போட்டுச் சுட்ட பாஸ்தா. அடியில் டேப்பில் 'நோலீன்'. சாவு வீட்டுக்குத்தானே இதைக் கொண்டு வருவார்கள்? நான் செத்தா போய்விட்டேன்?

மே 30

ப்ரோன் நோலீனைக் கடையில் பார்த்திருக்கிறாள். வந்தவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பு தாங்காமல்.

"உன் வண்டி கால்நடை டாக்டர் வாசல்ல நின்னுச்சாம். பின்னாடி டிங்கரைக் காணோமாம். டிங்கருக்கு நீ கடைசி ஊசி போட்டு முடிச்சுட்டன்னு ஊரே அழுதுட்டு இருக்குடா!"

நான் சிரிக்கவில்லை. மர்கிட் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான்... சே.

ஆனால் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பேர் எழுதிய பாத்திரம்.

ஜூன் 3, சனி

எல்சியும் நானும் நோலீன் வீட்டுக்குப் போனோம். டிங்கர் பின்னால். என்ன செய்தும் அவன் இறங்கவில்லை.

"பாத்திரத்த வாசல்ல வச்சிட்டு ஓடிரலாம்பா" என்று எல்சி கிசுகிசுத்தாள். நானே பேசுவதுபோல் இருந்தது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். 

நோலீன் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தாள். "அடப்பாவி! அது உயிரோட இருக்கு!"

பிழைத்துக்கொண்டான் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. எல்சி ஜன்னலை இறக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டிங்கருக்கு ஒண்ணும் இல்ல. நான் போனது பக்கத்துக் கட்டடத்துக்கு. மனுஷங்ககிட்டப் பேச பயமா இருக்கு, அதுக்கு."

 நோலீன் பாத்திரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப அந்த பாஸ்தாவ யாரு தின்னது?"

"நாங்கதான்."

"நாய்க்காகச் செஞ்சத! நல்லா இருந்துச்சா?"

"உப்பு கம்மி."

ஊளையிடுவதுபோல் சிரித்தாள். வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எல்சி இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

ஜூன் 6, செவ்வாய்

மர்கிட் வாசலிலேயே நிறுத்தினேன். நான் உள்ளே இருந்த நேரம் முழுக்க டிங்கர் குரைத்துக்கொண்டே இருந்தான்.